திரையும் புள்ளியும்

நுழையும்முன்

கோலம் போடப் புள்ளி வேண்டும். மெய்யெழுத்து எழுதப் புள்ளி வேண்டும். கணினியின் திரையோ முழுவதும் புள்ளிகளால் ஆனது. பழைய மடிக்கணினி ஒன்றில் லினக்ஸ் நிறுவப்பட்டபோது திரை மங்கியது ஏன் என்பதையும், அதனைச் சீர்செய்த முறையையும் இப்பாடம் விளக்குகிறது.

பல் எங்கே?

நாக்பூரில் வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்றில் பன்னிரண்டு ஆண்டுகள் பழைமையான மடிக்கணினி ஒன்று இருந்தது. அதில் விண்டோஸ் 10 இயங்குதளம் இயங்கி வந்தது. அந்த இயங்குதளத்திற்குப் பொதுவாக வழங்கப்பட்டுவந்த ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று நிறைவடைந்தது. அடுத்த பதிப்பான விண்டோஸ் 11 கேட்கும் வன்பொருள் வசதிகள் அந்தப் பழைய கணினியில் இல்லை. ஆகவே அதனைக் கபாடிவாலாவிடம் எடைக்குப் போட்டுவிடலாம் என்று வீட்டில் பேச்சு எழுந்தது.

விடுமுறைக்கு வந்திருந்த பெரியப்பா மகன் அதனைத் தடுத்தார். பொறியியல் பயிலும் அவர் அக்கணினியில் லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவிக் கொடுத்துவிட்டு ஊர் திரும்பினார். கணினி விரைவாக இயங்கியது. ஆனால் திரையில் எல்லாம் சற்றே மங்கலாகவும் பக்கவாட்டில் அகன்றும் தோன்றின.

அவ்வீட்டில் எட்டாம் வகுப்புப் படிக்கும் மாணவி விருப்ப மொழியாகத் தமிழ் பயில்பவள். ஒருநாள் மாலை அவள் திரையைப் பார்த்துக் கதை ஒன்றைப் பாட்டிக்குப் படித்துக் காட்டினாள்.

“ஓர் ஊரில் ஒரு பாட்டி இருந்தார். அவருக்குப் பல இல்லை.”

“எது பல இல்லை?” என்று கேட்டார் பாட்டி.

“தெரியவில்லை பாட்டி. பல இல்லை என்றுதான் போட்டிருக்கிறது.”

“பல் இல்லை என்று இருக்கும் கண்ணு. நன்றாகப் பார்” என்று பொக்கை வாயைத் திறந்து சிரித்தார் பாட்டி.

மாணவி திரைக்கு அருகில் சென்று உற்றுப் பார்த்தாள். லகரத்தின் தலைமேல் சாம்பல் நிறத்தில் ஏதோ ஒரு கறை போலத் தெரிந்தது. அதுதான் புள்ளி.

எழுத்தின் புள்ளி

வீட்டில் நாள்தோறும் தமிழ் பேசி வளர்ந்த பாட்டிக்குப் புள்ளி தெரியாவிட்டாலும் சொல் தெரிந்துவிடும். தமிழைப் புதிதாகப் படிக்கக் கற்பவர்க்கு அவ்வாறன்று. ‘மலர்’ என்பது பூ. ‘மலர’ என்பது விரிதலைக் குறிக்கும் எச்சம். ‘தொடர்’ வேறு, ‘தொடர’ வேறு. இவ்வேறுபாட்டைக் கண்ணுக்குக் காட்டுவது ஒரு சிறு புள்ளி மட்டுமே.

மெய்யெழுத்து புள்ளி பெறும் என்று தொல்காப்பியம் இலக்கணம் வகுத்துள்ளது. ஆயினும் பிற்கால ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் புள்ளி இடப்படவில்லை. சுவடியைப் படித்தவர்கள் முன்பின் உள்ள சொற்களைக் கொண்டு, இது மெய், இது உயிர்மெய் என உய்த்துணர்ந்தனர். அது புலமை மிக்கவர்க்கு இயன்ற செயல். அச்சு நூல்களில் புள்ளி தவறாது இடம்பெற்ற பின்னரே படித்தல் யாவர்க்கும் எளிதாயிற்று. அந்தப் புள்ளியை மங்கலான திரை மீண்டும் மறைத்துவிடுகிறது.

திரையின் புள்ளி

மடிக்கணினியின் திரையில் மிகச் சிறிய ஒளிப் புள்ளிகள் வரிசை வரிசையாகப் பதிக்கப்பட்டுள்ளன. இவற்றைப் படப்புள்ளிகள் என்பர். பிக்சல் என்றும் வழங்குவர். குறுக்கே எத்தனை, நெடுக்கே எத்தனை என்னும் கணக்கே திரையின் தெளிவுத்திறன் ஆகும்.

அந்த வீட்டுக் கணினியின் திரையில் குறுக்கே 1366, நெடுக்கே 768 படப்புள்ளிகள் இருந்தன. பெருக்கினால் மொத்தம் 10,49,088. இந்த எண்ணிக்கை தொழிற்சாலையில் உறுதியாகிவிட்டது. எந்த மென்பொருளாலும் இதனைக் கூட்டவோ குறைக்கவோ இயலாது. இதுவே அத்திரையின் இயல்பான தெளிவுத்திறன்.

லினக்ஸோ அத்திரைக்கு 1024 × 768 என்னும் அளவிலேயே படத்தை அனுப்பிக்கொண்டிருந்தது. நெடுக்கே கணக்குச் சரி. குறுக்கே 1024 புள்ளிகளுக்குத் தீட்டிய படம் 1366 புள்ளிகளை நிரப்பவேண்டியிருந்தது. ஏறத்தாழ மூன்று புள்ளிக்குரிய படத்தை நான்கு புள்ளிகளில் பரப்பும் வேலை அது.

இதனைக் கோலத்தைக் கொண்டு எளிதில் விளங்கிக்கொள்ளலாம். வரிசைக்கு 15 புள்ளிகள் என்று கணக்கிட்ட கோலம் ஒன்று தாளில் உள்ளது. வாசலில் யாரோ வரிசைக்கு 20 புள்ளிகள் வைத்துவிட்டார்கள். அதே கோலத்தை அந்த இருபதிலும் நிரப்ப முயன்றால் கோடுகள் புள்ளியின்மேல் விழாமல் இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் விழும். வாசலில் கோடு எங்கும் விழலாம்; திரையில் புள்ளிகளுக்கு நடுவே ஒளிரும் இடம் இல்லை. ஆகவே கணினி அக்கோட்டைப் பக்கத்துப் புள்ளிகள் இரண்டிற்கும் பங்கிட்டு, இரண்டையும் அரைகுறையாக ஒளிரச் செய்கிறது. கறுப்பாக இருக்கவேண்டிய கோடு இரு சாம்பல் கோடுகளாக மாறுகிறது.

பெரிய எழுத்தின் உடல் இதனைத் தாங்கிக்கொள்ளும். ஒன்றிரண்டு படப்புள்ளிகளே கொண்ட மெய்யெழுத்தின் புள்ளி தாங்காது. அது பக்கவாட்டில் இழுபட்டு வெளிறிப்போகும். ‘பல்’ என்பது ‘பல’ ஆனது இவ்வாறுதான்.

திரைக்கும் கணினிக்கும் இடையே நிகழும் உரையாடல்

லினக்ஸ் என்பது பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி நகரில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் தொடங்கிய இயங்குதளக் கருவாகும். அதன் மூல நிரல் எல்லார்க்கும் திறந்து வைக்கப்பட்டுள்ளது. அதனைக் கொண்டு பலரும் பலவகை இயங்குதளங்களை உருவாக்கியுள்ளனர். இந்தியாவில் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய ‘பாஸ்’ இயங்குதளம் லினக்ஸைச் சார்ந்தது. இந்திய மொழிகள் பலவற்றிற்கும் அதில் இடமுண்டு. கேரள அரசுப் பள்ளிகளின் கணினிகளிலும் லினக்ஸ் பயன்படுகிறது. பழைய கணினியிலும் இயங்கத்தக்க எளிய வடிவங்கள் அதற்கு உண்டு.

எந்த இயங்குதளமாயினும், திரையின் இயல்பான அளவைத் தானாக அறிந்துகொள்வதற்கு மூன்று நிலைகளைக் கடக்கவேண்டும்.

முதலாவது, திரை தன்னைப் பற்றிக் கூறுவது. ஒவ்வொரு திரைக்குள்ளும் ஒரு சிறு நினைவகச் சில்லு உண்டு. அதில் தயாரிப்பாளர் பெயர், திரையின் அளவு, இயல்பான தெளிவுத்திறன் முதலியன பதியப்பட்டிருக்கும். இந்தப் பதிவை ஈடிஐடி என்பர். இதன் அடிப்படைப் பகுதி 128 பைட்டுகள் மட்டுமே கொண்டது. திரையின் அறிமுகச் சீட்டு என்று இதனைக் கொள்ளலாம்.

இரண்டாவது, அச்சீட்டைப் படிப்பது. வரைகலைச் சில்லை இயக்கும் மென்பொருளுக்கு இயக்கி என்று பெயர். லினக்ஸில் இது கருவோடு சேர்ந்து இயங்கும். சீட்டில் உள்ளதைப் படித்து, அதற்கேற்பப் படத்தைத் தீட்டச் செய்வது இயக்கியின் பணி.

மூன்றாவது, பயனர் தேர்ந்தெடுப்பது. இயக்கி தெரிவித்த அளவுகளை அமைப்புகள் பக்கம் பட்டியலிட்டுக் காட்டும். அவற்றுள் ஒன்றைப் பயனர் தெரிவு செய்வார்.

திரை மங்கினால் இம்மூன்றில் எந்த நிலையில் உரையாடல் அறுந்தது என்று கண்டறிவதே முதல் வேலை. கண்டறியாமல் மாற்றங்கள் செய்தால் ஒரு குறை இரண்டாகிவிடும்.

கண்டறிதல்

மாணவி அண்ணனைத் தொலைபேசியில் அழைத்தாள். அவர் கூறக் கூற, ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்தாள்.

முதற்சோதனை மிக எளிது. வரைதல் மென்பொருளில் சரியான வட்டம் ஒன்றை வரைந்து, அளவுகோலைத் திரைமேல் வைத்து அகலத்தையும் உயரத்தையும் அளந்தாள். அகலம் மிகுந்திருந்தது. வட்டம் நீள்வட்டமாகத் தோன்றினால் படம் ஒருபக்கம் இழுக்கப்படுகிறது என்று பொருள்.

இரண்டாவதாக, திரையின் உண்மையான அளவை அறிந்துகொண்டாள். கணினியின் அடிப்புறத்தில் ஒட்டியுள்ள சீட்டில் மாதிரி எண் இருக்கும். அதனைக்கொண்டு தேடினால் திரையின் இயல்பான தெளிவுத்திறன் கிடைக்கும். 1366 × 768 என்று கிடைத்தது.

மூன்றாவதாக, அமைப்புகள் பக்கத்தில் திரைக்குரிய பகுதியைத் திறந்தாள். சரியான அளவு பட்டியலில் இருந்தால் அதனைத் தேர்ந்தெடுத்ததும் சிக்கல் தீர்ந்துவிடும். ஆனால் அங்கே 1024 × 768 என்பது மட்டுமே இருந்தது. எனவே பிழை மூன்றாம் நிலையில் இல்லை. அதற்கு முன்னரே உள்ளது என்பது தெளிவாயிற்று.

நான்காவதாக, கட்டளைகளை எழுதும் முனையச் சாளரத்தைத் திறந்தாள். எக்ஸ், ஆர், ஏ, என், டி, ஆர் என்னும் ஆறு ஆங்கிலச் சிற்றெழுத்துகளை இடைவெளியின்றித் தட்டச்சு செய்தாள். எக்ஸ்ரேண்டர் எனப்படும் இக்கட்டளை, கணினி அறிந்த திரைகளையும் அவற்றின் அளவுகளையும் காட்டும். மடிக்கணினித் திரையின் பெயர் வழக்கமாக எல்விடிஎஸ் அல்லது ஈடிபி என்று தொடங்கும். இங்கோ வெறும் ‘டீஃபால்ட்’ என்று மட்டும் காட்டியது. வீட்டுக்கு வந்தவரின் பெயரைக் கேட்காமல் ‘யாரோ ஒருவர்’ என்று குறித்து வைப்பதைப் போன்றது இது. திரையின் சீட்டை யாரும் படிக்கவில்லை என்பதற்கு இது ஓர் அறிகுறி.

ஐந்தாவதாக, கணினி தொடங்கும்போது கருவுக்கு வழங்கப்பட்ட குறிப்புகளைப் பார்த்தாள். அவற்றின் இறுதியில் ‘நோமோட்செட்’ என்னும் ஒரு சொல் இருந்தது. அதனை அவள் படித்துச் சொன்னதும் மறுமுனையில் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார்.

“நிறுவும்போது திரை கறுத்துவிட்டது. அதனால் நான்தான் அந்தச் சொல்லைச் சேர்த்தேன். பிறகு எடுக்க மறந்துவிட்டேன்!”

அச்சொல்லின் பொருள், ‘வரைகலை இயக்கியே, திரையின் அளவை நீ அமைக்காதே’ என்பதாகும். சில கணினிகளில் லினக்ஸை நிறுவும்போது திரை கறுத்துப் போவதுண்டு. அப்போது இதனைத் தற்காலிகமாகச் சேர்ப்பது வழக்கம். உரிய இயக்கி ஒதுங்கி நிற்க, எளிய பொதுமுறையில் படம் தோன்றும். நிறுவும் வேலை முடியும். வேலை முடிந்த பின்னும் அச்சொல் நீங்காமல் இருந்தால் இயக்கி நிலையாகவே ஒதுங்கிவிடும். கட்டடம் முடிந்த பின்னும் சாரத்தைப் பிரிக்காமல் விட்டதற்கு இது நிகர்.

சீர்செய்தல்

இத்தகைய திருத்தத்தை இரண்டு படிகளில் செய்தல் வேண்டும். முதலில் ஒருமுறை மட்டும் சோதித்தல். சரியானால் நிலையாக மாற்றுதல்.

சோதிப்பதற்குக் கணினியை மீண்டும் தொடங்கி, கிரப் எனப்படும் தொடக்கப் பட்டியலுக்குச் செல்லவேண்டும். பல பழைய கணினிகளில் தொடங்கும்போது ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்தால் அது தோன்றும். சிலவற்றில் எஸ்கேப் விசையை அழுத்தவேண்டும். பட்டியலில் ‘ஈ’ என்னும் ஆங்கில எழுத்து விசையை அழுத்தினால் குறிப்புகள் காட்சிக்கு வரும். ‘லினக்ஸ்’ எனத் தொடங்கும் வரியின் பிற்பகுதியில் ‘நோமோட்செட்’ இருக்கும். அச்சொல்லை மட்டும் நீக்கிவிட்டு எஃப்10 விசையை அழுத்தினால் கணினி தொடங்கும். இம்மாற்றம் அந்த ஒரு தொடக்கத்திற்கு மட்டுமே செல்லும். திரை மீண்டும் கறுத்தாலும் இழப்பில்லை. கணினியை அணைத்துத் தொடங்கினால் பழைய நிலை திரும்பிவிடும்.

மாணவி அவ்வாறே செய்தாள். திரை ஒரு கணம் கறுத்தது. வீட்டில் எல்லாரும் மூச்சை அடக்கிக்கொண்டனர். பிறகு ஒளி வந்தது. எழுத்துகள் கூர்மையாகத் தெரிந்தன. அமைப்புகள் பக்கத்தில் 1366 × 768 தானாகவே அமைந்திருந்தது.

அடுத்து நிலையான மாற்றம். ஈடிசி அடைவுக்குள், டீஃபால்ட் என்னும் உள்ளடைவில் கிரப் என்ற பெயருடைய கோப்பு உள்ளது. அதற்கு ஒரு படி எடுத்து வைத்துக்கொண்டு, அதிலும் அச்சொல்லை நீக்கவேண்டும். பின்னர் கிரப்பைப் புதுப்பிக்கும் கட்டளையை இயக்கவேண்டும். இதற்குக் கணினி நிருவாகியின் கடவுச்சொல் தேவை. வீட்டுப் பெரியவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்வதே முறை.

வேறு காரணங்கள்

எல்லாக் கணினியிலும் பிழை இதே இடத்தில் இருக்கும் என்று கொள்ளலாகாது.

திரையின் அறிமுகச் சீட்டே பழுதுபட்டிருக்கலாம். சிலவேளை வெளித்திரையை இணைக்கும் பழைய கம்பி அதனைக் கடத்தாமல் விடலாம். அப்போது எக்ஸ்ரேண்டர் கட்டளையின் வழியாகத் தெளிவுத்திறனை நாமே எழுதிச் சேர்க்கலாம். அதற்குரிய எண்களைக் கணக்கிடும் சிவிடி என்ற கட்டளை, குறுக்களவை எட்டின் மடங்காகவே தரும். 1366-ஐ எட்டால் வகுத்தால் 170.75 வருகிறது. ஆகவே அது 1368 என்று காட்டும். இது கணினியின் பழுதன்று. எட்டின் மடங்குக்கு முழுமையாக்கியதன் விளைவே. வேலேண்டு என்னும் புதிய காட்சி முறையில் எக்ஸ்ரேண்டர் இவ்வாறு பயன்படாது; அங்கே அமைப்புகள் பக்கத்தையே நாடவேண்டும்.

மூடியை அசைக்கும்போது படம் துடித்தாலோ கோடுகள் தோன்றினாலோ, கீலின் வழியே செல்லும் கம்பி தளர்ந்திருக்கலாம். அதற்கு மென்பொருளில் மருந்தில்லை. பழுதுபார்ப்பவரிடம் கொடுக்கவேண்டும்.

தமிழ் எழுத்துக்குப் பதிலாகச் சிறு கட்டங்கள் தோன்றினால் அது தெளிவுத்திறன் சார்ந்த குறையே அன்று. தமிழ் எழுத்துரு நிறுவப்படவில்லை என்பதே அதன் பொருள். நோட்டோ தமிழ், லோகித் தமிழ் முதலிய எழுத்துருக்கள் இலவசமாகக் கிடைக்கின்றன.

பாட்டி சொன்ன குறை

திரை சீரான மறுநாள் பாட்டி கண்ணாடியை அணிந்துகொண்டு திரையின்முன் அமர்ந்தார்.

“எழுத்தெல்லாம் ஒடுங்கிவிட்டதே கண்ணு. பழையபடியே வைத்துவிடேன்” என்றார்.

அவர் கூறியதில் உண்மை இருந்தது. இழுபட்டு அகன்றிருந்த எழுத்துகள் இயல்பான அகலத்துக்குத் திரும்பியிருந்தன. எழுத்தைப் பெரிதாக்குவதற்காகத் தெளிவுத்திறனைக் குறைப்பவர்கள் பலர் உண்டு. அப்படிச் செய்தால் எழுத்து பெரிதாகும், கூடவே மங்கும். சரியான வழி வேறு. தெளிவுத்திறனை இயல்பான அளவிலேயே வைத்துவிட்டு, எழுத்துருவின் அளவை மட்டும் கூட்டவேண்டும். அப்போது ஒவ்வோர் எழுத்தையும் தீட்ட மிகுதியான படப்புள்ளிகள் கிடைக்கும். எழுத்தும் பெரிதாகும்; புள்ளியும் தெளிவாகும்.

மாணவி எழுத்துருவின் அளவைக் கூட்டினாள். பாட்டி திரையை விட்டுச் சற்றே விலகி அமர்ந்து, கதையின் முதல் இரண்டு வரிகளைத் தாமே படித்தார். பிறகு, “மீதியை நீ படி, நான் கேட்கிறேன்” என்றார். அன்று அவள் கதை முழுவதையும் படித்து முடித்தாள். பாட்டி ஓரிடத்திலும் திருத்தவில்லை.

சொல்லும் பொருளும்

தெளிவுத்திறன் – திரையில் குறுக்கும் நெடுக்கும் உள்ள படப்புள்ளிகளின் கணக்கு
இயங்குதளம் – கணினியின் எல்லாப் பணிகளையும் ஒருங்கிணைக்கும் அடிப்படை மென்பொருள்
இயக்கி – ஒரு வன்பொருளை இயங்கச் செய்யும் மென்பொருள்
உய்த்துணர்தல் – சூழலைக் கொண்டு பொருள் அறிதல்
சாரம் – கட்டட வேலைக்காகக் கட்டப்படும் தற்காலிகத் தாங்கல்
கீல் – மூடியை உடற்பகுதியோடு இணைக்கும் பொருத்து

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. மாணவி ‘பல்’ என்பதைப் ‘பல’ என்று படித்தது ஏன்?
2. ஓலைச்சுவடிகளைப் படித்தவர்கள் மெய்யெழுத்தை எவ்வாறு அறிந்தனர்?
3. ‘நோமோட்செட்’ என்னும் சொல்லை நீக்கும் முன் ஒருமுறை மட்டும் சோதிப்பது ஏன் நன்று?

ஆ. சொற்களின் பொருள் வேறுபாடு தோன்றத் தொடர் அமைக்க.
1. பல – பல்
2. மலர – மலர்
3. தொடர – தொடர்

இ. கணக்கிட்டு எழுதுக.
ஒரு மடிக்கணினித் திரையின் இயல்பான தெளிவுத்திறன் 1280 × 800. அதில் மொத்தம் எத்தனை படப்புள்ளிகள் உள்ளன? அதே திரையில் 1024 × 768 அளவுள்ள படம் தோன்றினால் எத்தனை படப்புள்ளிகளின் பயன் குறைகிறது?

ஈ. செய்து பார்க்க.
கட்டமிட்ட தாளில் ‘ல்’ என்னும் எழுத்தைக் கட்டங்களை நிரப்பி வரைக. புள்ளிக்கு ஒரு கட்டம் மட்டும் ஒதுக்குக. அதே எழுத்தை மூன்று கட்டங்களுக்கு நான்கு கட்டங்கள் என அகலப்படுத்தி மீண்டும் வரைக. புள்ளிக்கு நேர்ந்தது என்ன என்பதை ஐந்து வரிகளில் எழுதி, வீட்டுப் பெரியவர் ஒருவருக்குப் படித்துக் காட்டுக.